பல்லி தோஷம்

நான் பல்லிகளைக் கொன்றிருக்கிறேன். துடைப்பத்தால் அடித்தோ கதவிடுக்கில் நசுக்கியோ அல்ல. வனத்துறை அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்து, தேதியும் நேரமும் குறித்துக் கொன்றிருக்கிறேன். மலையில் புது இனப் பல்லி கண்டுபிடிப்பு என்று பேப்பரில் வண்ணப் படத்தோடு செய்தி வரும். படத்தில் இருக்கிற அந்தப் பல்லி இப்போது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அநேகமாக அது 70 சதவீத எத்தனாலில், கண்ணாடிப் புட்டிக்குள், காலில் நூல் கட்டிய சீட்டோடு கிடக்கும்.

எங்கள் வீட்டில் இது லேசான விஷயம் இல்லை. அண்ணனூரில், மின்சார ரயில் கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் வீடு. அப்பாவுக்கு ஷெட்டில்தான் வேலை. அம்மாவுக்கு வீட்டில் பல்லி சொல் கேட்பது ஒரு வேலை. யாராவது வெளியே கிளம்பும்போது டியூப்லைட் பக்கத்திலிருந்து 'ச்ச் ச்ச்' என்று கேட்டால், எந்தத் திசையில் சொன்னது என்று பார்த்துவிட்டுத்தான் வாசற்படி தாண்ட விடுவாள். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் இருக்கிற பக்கம் மட்டும் மஞ்சள் கையும் எண்ணெய்க் கையும் பட்டு மொரமொரத்துக் கிடக்கும். பல்லி வாழும் வீட்டில் லட்சுமி வாழ்கிறாள், அதைத் தெரியாமல் மிதித்தால்கூடப் பாவம்.

இதே அம்மா, தெருப் பையன்கள் வேலி ஓணானைக் கல்லால் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ராமர் கதையில் அணில் நல்ல பேர் வாங்கிக்கொண்டது, ஓணான் கெட்ட பேர் வாங்கிக்கொண்டது. அதற்கு இன்றுவரை தண்டனை. பல்லிக்குப் பஞ்சாங்கம், ஓணானுக்குக் கல். சின்ன வயதிலேயே இது எனக்கு இடித்தது. ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளையாக நான் இல்லை.

பி.எஸ்சி. விலங்கியல் படித்தபோது செய்முறை வகுப்பில் தவளை அறுத்தோம். மெழுகுத் தட்டில் மல்லாக்கப் போட்டு, நாலு காலிலும் குண்டூசி குத்தி, நரம்பைத் தனியே பிரித்துக் காட்டினால் மார்க். வகுப்பு முடிந்ததும் எல்லாம் ஒரே பக்கெட்டில் போய்விடும். எந்தத் தவளை, எந்தக் குளத்திலிருந்து வந்தது, ஆணா பெண்ணா, ஒன்றும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் இந்த அறுவையை நிறுத்தச் சொன்னது. நாங்கள் அதற்கு முந்திய கூட்டம். அன்றைக்கு எனக்கு உறுத்தவில்லை. அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கும்போது கையில் ஃபார்மலின் வாசனை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

எம்.எஸ்சி. முடித்து, ஆவடிப் பக்கம் கொஞ்ச காலம் டியூஷன் எடுத்து, அப்புறம் ஓர் ஆய்வுக் குழுவில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் சின்னச் சின்னப் பாறைப் பல்லிகளைத் தேடும் வேலை. எந்த மலை என்று எழுதப்போவதில்லை, அதற்குக் காரணம் உண்டு. வியட்நாமில் ஹோன் கோவாய் என்ற சின்னத் தீவில் நீலமும் ஆரஞ்சுமாக மின்னும் ஒரு பல்லியை 2010-ல் நெமாஸ்பிஸ் சைக்கடெலிகா என்ற பெயரில் விவரித்தார்கள். ஊர் பெயர் அச்சில் வந்ததுமே செல்லப்பிராணி வியாபாரிகளுக்கு வழி தெரிந்துவிட்டது. 2016-ல் அதைச் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்து வியாபாரத்தைத் தடுக்க வேண்டி வந்தது. கண்டுபிடித்தவர் வாயைத் திறப்பதே அந்த உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்பது இந்தத் தொழிலின் முதல் சங்கடம்.

நாங்கள் தேடியதும் நெமாஸ்பிஸ் வகைப் பல்லியைத்தான். நம் பக்கத்து நெமாஸ்பிஸ் பெரும்பாலும் பகலில் நடமாடும். வீட்டுப் பல்லிக்கு வெளிச்சத்தில் கண்மணி கீற்றாகச் சுருங்கும். இதற்கு வட்டமாகவே இருக்கும். மூக்கு நுனியிலிருந்து கழிவுத் துளை வரை அளந்தால் பல இனங்கள் 4 சென்டிமீட்டரைத் தொடாது. வெயில் ஏறுவதற்கு முன் கருங்கல் பாறையின் அடிப்பக்கத்தில், நிழலில், தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். நம் நிழல் பட்டால் இடுக்குக்குள் போய்விடும். கையைக் குவித்து மெல்ல மூட வேண்டும். வாலைப் பிடித்தால் வால் மட்டும்தான் மிஞ்சும்.

முதல் முறை நான் பிடித்தது ஓர் ஆண். சாம்பல் உடம்பு, தொண்டை மட்டும் மஞ்சள். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது தெரிந்தது. துணிப் பையில் போட்டுக் கட்டி, சாயங்காலம் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோனோம். முதலில் பாறைத் துண்டின் மேல் விட்டுப் பல கோணத்தில் போட்டோ, ஏனென்றால் புட்டிக்குள் போன பிறகு மஞ்சள் நிற்காது. அப்புறம் சின்ன டப்பாவில் மயக்க மருந்து நனைத்த பஞ்சு. மூடியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சுற்றியது, நின்றது, வயிறு ஏறி இறங்குவது நின்றது. அறையில் யாரும் பேசவில்லை. அதுவரை கிண்டலும் கேலியுமாக இருந்த கூட்டம் அது.

வயிற்றில் சின்னதாகக் கீறி, ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துச் சுத்த எத்தனாலில் போட்டார்கள். அது மரபணுச் சோதனைக்கு. உடம்பைத் தட்டில் வைத்து, வாலை நேராக நீட்டி, ஒவ்வொரு விரலாக விரித்துவிட்டார்கள். ஃபார்மலின் பட்டால் இருக்கிறபடியே விறைத்துவிடும்; மடங்கிய விரலின் அடிச்செதிலை அப்புறம் எண்ண முடியாது. நான் சீட்டு எழுத பேனாவை எடுத்தேன். குழுவில் மூத்தவர், திருநெல்வேலிக்காரர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேனா வேண்டாம்மா, பென்சில் எடு. ஸ்பிரிட்ல மை கரைஞ்சிரும். சீட்டு போச்சுன்னா இது பல்லி இல்ல, வெறும் சதை."

கள எண், இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, நேரம், பாறையிலா மரத்திலா, பிடித்தவர் பெயர். கட்டைவிரல் அகலச் சீட்டில் இத்தனையும் எழுதி முழங்காலுக்கு மேல் நூலால் கட்டினேன். கல்லூரிப் பக்கெட் அப்போதுதான் எனக்கு உறுத்தியது, வருஷக்கணக்காகத் தாமதமாக.

வெளியே இருப்பவர்கள், மலை ஏறிப் பார்த்தோம், புதுசாக இருந்தது, பேர் வைத்தோம் என்று நினைக்கிறார்கள். மலையில் எதுவும் புதுசு என்று தெரியாது. புதுசா பழசா என்பது நுண்ணோக்கி மேஜையில்தான் தெரியும். வயிற்றின் குறுக்கே எத்தனை செதில், பின்னங்கால் நாலாவது விரலின் அடியில் எத்தனை பட்டை, ஆணின் தொடையடியில் மெழுகு அடைத்த ஊசித் துளைகள் எத்தனை, அவை தொடர்ச்சியாக வருகின்றனவா நடுவில் விட்டு வருகின்றனவா என்று எண்ண வேண்டும். எண்ணி முடித்துத் தலையைத் தூக்கினால் கணக்கு மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. கூடவே என்டி2 என்ற மரபணுத் துண்டைப் படித்து, மற்ற மலைப் பல்லிகளின் துண்டோடு ஒப்பிட வேண்டும். இதெல்லாம் ஒத்து வந்த பிறகுதான், இதற்கு முன் பெயர் வாங்கிய பல்லிகள் எல்லாவற்றோடும் தகராறு ஆரம்பிக்கும்.

அந்தத் தகராறுக்குத்தான் செத்த உடம்பு வேண்டும். திராவிடோகெக்கோ கதையைச் சொன்னால் விளங்கும். ஆனைமலையின் பெயரில் ஒரு பல்லியை 1875-ல் குந்தர் விவரித்தார். 1933-ல் மால்கம் ஸ்மித் அதற்கென்றே திராவிடோகெக்கோ என்ற பேரினத்தை உண்டாக்கினார். 1995-ல் வேறு இருவர் அப்படித் தனிப் பேரினம் வேண்டாம் என்று வீட்டுப் பல்லியின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 2019-ல் சைதன்யா, தீபக், பிரவீண் கரந்த் முதலானோர் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கத் தேடி, பேரினத்தை மீட்டு, ஒரே கட்டுரையில் ஆறு புது இனங்களைச் சேர்த்தார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் ஒன்று, மேகமலை பெயரில் ஒன்று, கொடைக்கானல் பல்லிக்கு 'தொல்பல்லி' என்று நம் ஊர்ப் பேர். நாவலாசிரியர் டக்ளஸ் ஆடம்ஸ் பெயரிலும் ஒன்று உண்டு, அது ஆய்வாளர்களின் குஷி. 144 வருஷம் ஒன்று என்று நினைத்தது ஏழாயிற்று. ஏழில் எது குந்தர் சொன்ன பழைய பல்லி என்று எப்படித் தீர்மானிப்பது? அவர் கையில் இருந்த உடம்பு லண்டனில் இன்னும் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். மதராஸ் மாகாணத்தில் காடுகளைப் பார்த்துக்கொண்ட ராணுவ அதிகாரி பெடோம், 1877-ல் ஜெய்ப்பூர் மலையில் ஒரு பல்லி பிடித்தார். ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை, இன்றைய ஒடிசாவில் இருக்கிற ஜெய்ப்பூர். ஒன்றே ஒன்று. அடுத்த வருஷம் விவரித்தார். அதற்குப் பிறகு அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அழிந்துபோயிருக்கும் என்றே பலர் எண்ணியிருப்பார்கள். 2010-ல் இஷான் அகர்வாலும் கூட்டாளிகளும் அந்த மலைகளில் அதைத் திரும்பக் கண்டார்கள். 130 வருஷத்துக்கு மேல் இடைவெளி. 'அதுதான் இது' என்று அடித்துச் சொல்ல முடிந்ததற்கு அந்த ஒற்றை உடம்புதான் காரணம்.

கொல்லாமல் பேர் வைத்த கதையும் நம் நாட்டில் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு நான் நியாயம் பேசக் கூடாது. அருணாசலப் பிரதேசத்தில் 2005-ல் ஒரு புதுக் குரங்கினத்தைப் போட்டோக்களை வைத்தே விவரித்தார்கள். அடுத்த வருஷம் அதே மாநிலத்தில் ஈகிள்நெஸ்ட் பகுதியில், ரமணா ஆத்ரேயா என்ற வானியலாளர், புகுன் மக்கள் பெயரில் ஒரு பறவையை விவரித்தார். வலையில் சிக்கியதை அளந்து, உதிர்ந்த இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பறக்க விட்டுவிட்டார். மொத்தமே ஒரு சில ஜோடிகள்தான் கண்ணில் பட்டிருந்தன, அதில் ஒன்றைக் கொல்ல மனம் ஒப்பவில்லை. 2014-ல் சயன்ஸ் இதழில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. அரிய உயிர்களைப் பிடித்து வைப்பதை விடுங்கள் என்று சிலர் எழுத, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மறுப்பு எழுதினார்கள்.

என் கட்சி எது என்றால், பறவைக்கும் குரங்குக்கும் பொருந்துவது பாறைப் பல்லிக்குப் பொருந்தவில்லை. குரங்கை முகத்தையும் வாலையும் வைத்துச் சொல்லலாம், பறவைக்குக் குரலும் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து மலைகளின் இரண்டு நெமாஸ்பிஸைச் சேர்த்து வைத்தால் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் வயிற்றுச் செதிலிலும் தொடைத் துளையிலும் இருக்கும். ஏற்காட்டையே பாருங்கள். ஊரே போய்ப் படகு ஓட்டிவிட்டு வருகிற இடம். அங்கே 2000-ல் தாஸும் பாவரும் ஒரு நெமாஸ்பிஸை ஊர் பெயரிலேயே விவரித்தார்கள். 2019-ல் அதே சேர்வராயன் மலைத் தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு வந்தன. மூன்றையும் போட்டோவில் பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது, பழகிய கண்ணுக்கே சந்தேகம் வரும்.

இந்த நியாயமெல்லாம் அம்மாவிடம் எடுபடவில்லை. அவளிடம் நானே சொன்னேன். பையில் அடித்த ஸ்பிரிட் வாசனைக்குச் சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது. கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் புளி கரைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "காஞ்சிபுரம் போயிட்டு வந்துடலாம்" என்றாள். வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் பல்லி தோஷம் போகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் மறு பேச்சுப் பேசாமல் கிளம்பினேன். அந்த அறையில் யாரும் பேசாமல் நின்றதற்கு ஏதாவது ஒரு சடங்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். கோயிலில் வரிசை நீளம். குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள், மாமியாருக்கும் சேர்த்துத் தொடுகிறவர்கள், செல்போனைத் திரும்பப் பையில் வைக்கச் சொல்லும் காவலாளி. படியேறி விதானத்துக்குக் கையை நீட்டியபோது விரல்கள் பட்டுப் பட்டு வழவழத்துப்போன உலோகம். தொழில் புத்தி போகுமா, விரலடிப் பட்டை செதுக்கியிருக்கிறார்களா என்று பார்த்தேன். வரிசையில் நிற்கும்போது அம்மா கேட்டதுதான் கூடவே வந்தது.

"அது புதுசுதானாடி?"

"இன்னும் தெரியாதும்மா. எண்ணிப் பாக்கணும்."

"பழசா இருந்தா?"

இந்தக் கேள்வி எந்த விவாதக் கட்டுரையிலும் இவ்வளவு நேராக வந்து நான் பார்த்ததில்லை. புதுசாக இருந்தால் கொன்றதற்குப் பெயர் சூட்டு விழா இருக்கிறது. பழசாக இருந்தால்?

பழசாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் எண்ணி, மரபணு முடிவும் வந்த பிறகு, நாங்கள் கொண்டுவந்ததில் ஒன்றைத் தவிர எல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ள இனம். நான் அம்மாவிடம் போய், அந்த இனம் அந்த மலையில் இருக்கிறது என்று இதுவரை பதிவில் இல்லை, இனிமேல் இருக்கும், ஒரே இனத்துக்குள் செதில் கணக்கு எவ்வளவு மாறும் என்பதும் இதனால் தெரிந்தது என்றேன். "உசுரோட பாத்தே சொல்லியிருக்கலாமே" என்றாள். பாதி சரி. ஒன்று போதும் என்ற இடத்தில் பழக்கத்தினால் நாலு எடுக்கிற ஆசை இந்தத் தொழிலில் உண்டு, எனக்குள்ளும் இருந்தது. வால் நுனி எடுத்து விட்டுவிட்டால் மரபணுவுக்குப் போதும். ஓர் உடம்பு சாட்சிக்கு இருந்தால் மற்றவை மலைக்கே போகலாம். மற்ற பாதிக்கு என் பதில் சீட்டுதான். நாளைக்கு யாராவது அந்த இனத்தை மூன்றாகப் பிரித்தால், என் பென்சில் எழுத்தைப் படித்துவிட்டு இது இன்ன மலை, இன்ன உயரம் என்று எடுத்து எண்ணுவார்கள். அதனால் அன்றிலிருந்து நான் சீட்டுப் பைத்தியம். குழுவில் புதிதாக வருகிற பிள்ளைகள் உயரத்தைக் குத்துமதிப்பாக எழுதினால் எனக்கு வருகிற கோபம் அவர்களுக்குப் புரிவதில்லை.

2024-ல் வான்கோ பெயரில் ஒரு நெமாஸ்பிஸ் வந்தபோது டி.வி.யில் காட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரப் பாறைகளில் கிடைத்தது. ஆணுக்கு முன்னுடம்பு மஞ்சள், முதுகில் நீலப் புள்ளிகள், ஓவியரின் நட்சத்திர இரவுப் படம் போல. ஆய்வாளர்கள் மும்பைக்காரர்கள், மலையில் தேடியது 2022-ல். இரண்டே வருஷத்தில் பெயரோடு வந்துவிட்டது. பொதுவாக இப்படி நடப்பதில்லை. புதிய இனம் ஒன்று சேகரிப்பில் வந்து சேர்ந்து பெயர் வாங்கச் சராசரியாக 21 வருஷம் ஆகிறது என்று 2012-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். புட்டியில் இருந்தபடியே பிள்ளைகுட்டி பெறும் வயது. அம்மா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "இதுவும் புட்டியிலதானா?" என்றாள். "கொஞ்சம்தாம்மா." "மிச்சம்?" "மலையில." சரி என்று சேனலை மாற்றிவிட்டாள்.

ஒன்றைத் தவிர என்றேனே, அந்த ஒன்று ஒரு பெண். மலையின் மறுபக்கத்தில், தனிப் பாறையில் கிடைத்தது. வயிற்றுச் செதில் கணக்கும் மரபணுவும் மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. ஆனால் தொடைத் துளை ஆணுக்குத்தான், ஆண் கிடைக்காமல் இதைப் பற்றி எழுத முடியாது. மறுபடி அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். படிவத்தில் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். குழுவை நடத்துகிற சார் ஐந்து என்றார். நான் ஒன்று என்றேன். ஒன்றை எடுத்து அது வால் அறுந்ததாகவோ வயது வராததாகவோ போனால் அந்தச் சாவும் வீண், திரும்பவும் கொல்ல வேண்டிவரும் என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டு என்று எழுதினோம்.

அம்மாவிடம் சொன்னபோது எத்தனை என்று கேட்கவில்லை. "எப்ப போற?" என்றாள். மழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசி என்றேன்.

"புரட்டாசியில வேணாம்டி."

சாரிடம் பேசித் தேதியை ஐப்பசிக்குத் தள்ளியிருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. அந்த மாதத்து அடைமழையில் பாறைப் பல்லி வெளியே தலை காட்டுமா என்று அக்கா போனில் திட்டிக்கொண்டிருக்கிறார்.